ஏற்றமின்றி ஏறும் நீர்

நீர் தாழ்ந்த இடத்தை நாடிச் செல்லும் இயல்புடையது. அது மேட்டுக்கு ஏற வேண்டுமாயின் எவரேனும் அதனை ஏற்றியாக வேண்டும். இதனை உணர்ந்தே நம் முன்னோர் கிணற்றங்கரையில் ஏற்றம் இட்டனர். காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்தனர். பிற்காலத்தார் மின்சாரப் பம்புகளை அமைத்தனர். ஆனால் அதே கிணற்றின் அருகே நிற்கும் தென்னை, காளையும் இன்றி, மின்சாரமும் இன்றி, வேரடி நீரை நாள்தோறும் உச்சிவரை ஏற்றிக்கொண்டு ஓசையின்றி நிற்கிறது. அந்நீரை ஏற்றுவது யாது? மரத்தின் உயிரா, அன்றி நீருக்கே உரிய ஓர் இயல்பா?

இவ்வினா ஏறத்தாழ 300 ஆண்டுகளாக விஞ்ஞானிகளிடையே ஒரு வழக்காக நடைபெற்று வந்தது. நம் நாட்டின் பேரறிஞர் ஒருவரும் அதில் ஒரு கட்சியில் நின்று வாதாடினார். 2008-ஆம் ஆண்டில் அவ்வழக்கில் ஒரு புதிய சாட்சி வந்து நின்றது. அச்சாட்சி மரமும் அன்று, செடியும் அன்று. நீரில் ஊறிய களி போன்ற ஒரு பொருளால் ஆகிய சிறு தகடு அது. ஹைடிரோஜெல் என்று ரசாயன நூலார் வழங்கும் அப்பொருளை நாம் நீர்க்களி என்று அழைக்கலாம். நீர்க்களியின் துணைகொண்டு மயிரிழை போன்ற நுண்கால்வாய்களில் நீரை நடத்த மனிதன் கற்றுக்கொண்ட வரலாறே இப்பேச்சின் பொருள்.

முதலில் சிக்கல் யாதென்று காண்போம். உறிஞ்சும் பம்பினால் நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் தூக்க இயலாது. இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையைக் குறித்துள்ளார். அவர்வழி வந்த டாரிசெல்லி அதற்குக் காரணம் கண்டார். நீரை மேலே தள்ளுவது பம்பு அன்று. புறத்தே நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் எடையே அதனைத் தள்ளுகிறது. அவ்வெடை 10 மீட்டர் நீர்த்தம்பத்திற்கு ஈடாகும். அதற்கு மேல் அதனால் இயலாது. ஆனால் இமயமலைச் சாரலில் தேவதாரு 50 மீட்டர் உயரத்தையும் எட்டுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2006-இல் கண்டறியப்பட்ட ரெட்வுட் மரம் ஒன்று 115 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் உடையது. காற்றின் எடையைப்போல் பத்து மடங்குக்கு மேற்பட்ட விசை இன்றி அதன் உச்சி இலைக்கு ஒரு துளி நீரும் சென்று சேராது.

இவ்வாராய்ச்சியில் முதன்முதல் அளவைகொண்டு இறங்கியவர் ஸ்டீபன் ஹேல்ஸ். இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் பாதிரியாராக இருந்தவர் அவர். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடியை நாள்தோறும் நிறுத்து, இலைகளின் வழியே எவ்வளவு நீர் ஆவியாகிச் செல்கிறது என்று கணக்கிட்டார். இலைகள் நீரை இழப்பதே வேர்நீரை மேலே இழுக்கிறது என்ற கருத்தின் வித்து, 1727-இல் வெளிவந்த அவருடைய நூலில் இருக்கிறது. ஆயினும் இழுப்பது எவ்வாறு என்பதை அவர் காலத்தில் எவராலும் சொல்ல இயலவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் பான் நகரத்துத் தாவரநூல் பேராசிரியர் எடுவர்ட் ஸ்ட்ராஸ்புர்கர் ஒரு துணிவான பரிசோதனை செய்தார். 20 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரத்தை அடியில் அறுத்து, அறுத்த முனையை நஞ்சுக் கரைசலில் நிறுத்தினார். நஞ்சு மேலே ஏற ஏற, வழியிலுள்ள உயிரணுக்கள் யாவும் மடிந்தன. எனினும் கரைசல் ஏறுவது நிற்கவில்லை. தண்டிலுள்ள உயிரணுக்களே நீரை இறைக்கின்றன என்றால், அவை இறந்த பின்னும் நீர் ஏறுவது எங்ஙனம்?

ஸ்ட்ராஸ்புர்கரிடம் பயின்ற ஹென்றி டிக்சன் என்பவரும், பௌதிக அறிஞர் ஜான் ஜோலி என்பவரும் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இதற்கு விடை கூறினர். 1894-இல் அவர்கள் வெளியிட்ட கொள்கை கேட்போரை வியப்பில் ஆழ்த்தியது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்பவை. ஆதலின் மெல்லிய குழாயில் இடைவெளியின்றி நிறைந்த நீர், ஒரு கயிறு போல இழுக்கப்படக் கூடியது. இலையின் பரப்பில் ஒரு மூலக்கூறு ஆவியாகச் சென்றால், அது விட்ட இடத்திற்கு அடுத்தது இழுக்கப்படுகிறது. அதன் பின்னர் மற்றொன்று. இவ்வாறு இழுவை வேர்வரை இறங்குகிறது. மரம் நீரை மேலே தள்ளுவது இல்லை. கதிரவனும் உலர்ந்த காற்றும் நீர்க்கயிற்றை உச்சியிலிருந்து இழுக்கின்றன.

அதே காலத்தில் ஜெர்மனியில் அஸ்கெனாசி என்பவர் இலைக்குப் பதிலாகப் பாரிஸ் சாந்தைப் பயன்படுத்திப் பார்த்தார். நீர் நிறைந்த குழாயின் மேல்வாயைச் சாந்தினால் அடைத்து, கீழ்வாயைப் பாதரசத்தில் நிறுத்தினார். சாந்தின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகச் செல்ல, பாதரசம் காற்றின் எடையால் ஏறக்கூடிய உயரத்தையும் கடந்து ஏறிற்று. சாந்துக்கு உயிர் இல்லை அன்றோ! எனினும் சாந்தின் துளைகள் போதிய நுண்மை உடையன அல்ல. ஆகவே மாமரங்களுக்கு வேண்டிய பெரும் இழுவையை அதனால் காட்ட முடியவில்லை. நீரைக் கயிறு போல் இழுத்தால் அதனுள் ஒரு சிறு குமிழி தோன்றினாலும் கயிறு அறுந்துவிடுமே என்ற ஐயமும் நீங்காமலே நின்றது.

இந்த ஐயத்தின் இடையேதான் ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் வழக்கில் நுழைந்தார். கல்கத்தாவில் 1917-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் அவர் தாவரங்களின் உயிர்த்துடிப்பை நுண்கருவிகளால் அளந்துவந்தார். நம்மவர் தொழுகண்ணி என்று அழைக்கும் செடியின் சிற்றிலைகள் எவரும் தொடாமலே தாமாக அசைவதை அவர் நெடுங்காலம் ஆராய்ந்தவர். வெளியே காணப்படும் இத்துடிப்பைப் போன்ற ஒன்று தண்டின் உள்ளேயும் நிகழவேண்டும் என்று அவர் கருதினார். மின்சார ஊசியைத் தண்டினுள் சிறிது சிறிதாகச் செலுத்தி, புறணியின் உட்படலத்து உயிரணுக்களில் துடிப்பு மிகுந்திருப்பதாகக் கண்டார். அவ்வுயிரணுக்கள் விரிந்தும் சுருங்கியும் நீரை இறைக்கின்றன என்று 1923-இல் தாம் வெளியிட்ட நூலில் வாதித்தார். மரத்திற்கும் ஒருவகை இதயம் உண்டு என்பதே அவ்வாதத்தின் உட்பொருள்.

எளிதில் ஒதுக்கக்கூடிய வாதம் அன்று அது. வாழும் செடியை உயிரற்ற குழாய்க் கட்டாக எண்ணிவிடுவதை எதிர்த்து எழுந்த குரல் அது. ஆயினும் தாவரநூலார் பலர் அதனை ஏற்கவில்லை. ஸ்ட்ராஸ்புர்கரின் நஞ்சூட்டிய மரம் அதற்கு எதிராக நின்றது. பின்னர் 1965-இல் அமெரிக்காவில் ஷோலாண்டர் என்பவரும் துணைவரும் ஒரு புதுமுறை கண்டனர். கிளை ஒன்றை வெட்டி, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரியுமாறு இரும்புப் பேழையில் அடைத்து, உள்ளே வாயுவை அழுத்தினர். வெட்டுவாயில் நீர் மீண்டும் தலைகாட்டும்போது உள்ள அழுத்தம், அக்கிளையில் முன்பு இருந்த இழுவைக்கு ஈடாகும். ஏணி எட்டாத உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தனர். டிக்சன் கூறிய பெரும் இழுவை மரங்களில் மெய்யாகவே இருப்பதாக அவ்வளவைகள் காட்டின. எனினும் உயிரற்ற பொருளால் ஒரு மரத்தைச் செய்து, அதே இழுவையில் நீர் ஓடுவதைக் காட்டியவர் எவரும் இல்லை. அதற்கு ஏற்ற பொருள் வேறொரு துறையில் உருவாகிக்கொண்டிருந்தது.

நீர்க்களி என்பது நமக்கு அயலான பொருள் அன்று. வேனிற்காலத்தில் சர்பத்தில் இடும் சப்ஜா விதையை நீரில் போட்டால், அதனைச் சுற்றிப் பளிங்கு போன்ற ஓர் உறை ஊறி எழுகிறது. மதுரையின் ஜிகர்தண்டாவில் இடும் பாதாம் பிசினும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நீண்ட நூல் போன்ற மூலக்கூறுகள் வலையாகப் பின்னி நிற்கின்றன. அவ்வலையின் கண்களில் நீர் தங்கி நிற்கிறது. வலை கரைவதும் இல்லை. நீர் வழிந்தோடுவதும் இல்லை.

1950-இல் சுவிட்சர்லாந்தின் வெர்னர் கூன், இஸ்ரேல் நாட்டின் அகரோன் கட்சால்ஸ்கி முதலியோர் செயற்கை நீர்க்களியால் ஆகிய இழைகளை வைத்து ஓர் அரிய செயலைக் காட்டினர். இழையைக் காரநீரில் இட்டால் வலையிலுள்ள மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்க, இழை ஊதி நீண்டது. அமிலத்தில் இட்டால் மின்னூட்டம் நீங்க, அது சுருங்கியது. சுருங்கும்போது ஓர் எடையையும் தூக்கியது. ரசாயன ஆற்றல் எந்திரம் எதுவும் இன்றி நேரே வேலையாக மாறுவதை உலகம் கண்டது. கட்சால்ஸ்கி 1972-ஆம் ஆண்டு மே மாதம் லோத் விமான நிலையத்தில் நிகழ்ந்த கொடுந்தாக்குதலில் உயிர் துறந்தார்.

1960-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டெர்லே, துராகோஸ்லாவ் லிம் ஆகிய இருவரும் உடலோடு இணங்கி நிற்கக்கூடிய ஒரு நீர்க்களியைப் பற்றி எழுதினர். பாலிஹேமா என்பது அதன் சுருக்கப் பெயர். 1961-ஆம் ஆண்டின் இறுதியில் விக்டெர்லே, பிராகா நகரில் தம் இல்லத்திலேயே, சிறுவர் விளையாடும் உலோகத் துண்டுகளைக் கோத்துச் செய்த பொறியையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு அக்களியால் மென்மையான கண்வில்லைகளை வார்த்தெடுத்தார். கண்ணாடிக்கு மாற்றாக இன்று பலர் கண்ணுள் அணியும் மென்வில்லைகளின் தொடக்கம் அதுவே. இப்பொருளின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மரத்தின் வழக்கில் சாட்சியாக வரப்போவது இதுவே.

அடுத்த படி ஜப்பானில் பிறந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பணியாற்றிய டோயோய்ச்சி தனாகா வைத்தது. சூழலில் ஏற்படும் ஒரு சிறு மாறுதலாலும் நீர்க்களி திடீரெனச் சுருங்கிவிடக் கூடும் என்று 1978-இல் அவர் காட்டினார். மறு ஆண்டில், களி ஊறுவதற்கு ஆகும் காலத்தின் கணக்கையும் வகுத்தார். களித்துண்டின் பருமன் பத்து மடங்கு குறைந்தால், ஊறும் காலம் நூறு மடங்கு குறைகிறது. சப்ஜா விதையின் மெல்லிய உறை சில நிமிடங்களில் ஊற, பிசின் கட்டியை முன்னிரவிலேயே நீரில் இடவேண்டியிருப்பதற்குப் பருமனே முதற்காரணம். 1 சென்டிமீட்டர்த் துண்டு ஊற 28 மணி நேரம் ஆகும் எனில், அதே களியில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள துண்டுக்குச் சுமார் 10 வினாடி போதும். பெரிய எந்திரத்தில் பயனற்ற சோம்பேறியாகிய களி, சிறுமையில் சுறுசுறுப்பான வேலையாள் ஆகிவிடுகிறது.

இவ்வுண்மை உரிய தருணத்தில் உதவிற்று. 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஞ்ஞானிகள் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் மயிரிழை அகலமுள்ள கால்வாய்களைச் செதுக்கி, ஒரு துளி இரத்தத்தைக் கொண்டே பல பரிசோதனைகளைச் செய்ய முயன்றுவந்தனர். தகடு சிறிதாயினும் அதில் நீரைச் செலுத்தும் பம்பும், திறந்து மூடும் மடைகளும், அவற்றுக்குரிய மின்சாரமும் பெரிய சுமையாயின. அமெரிக்காவில் டேவிட் பீபி, ஜெஃப்ரி மூர் முதலியோர் 2000-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டனர். களியாக உறையக்கூடிய திரவத்தைக் கால்வாயில் நிரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் புறஊதா ஒளி படச்செய்தனர். ஒளி பட்ட இடத்தில் களி சிறு தூணாக உறைந்தது. எஞ்சிய திரவத்தைக் கழுவிவிட்டனர். அமிலம் வந்தால் தூண் சுருங்கி வழிவிட்டது. காரம் வந்தால் ஊதி வழியை அடைத்தது. ஓடும் நீரின் தன்மையை அறிவதும், மடையை இயக்குவதும் ஒரே பொருளின் வேலையாயின. வயலில் நீரின் அளவறிந்து தானே மடை மாற்றும் மண்ணை ஓர் உழவர் பெற்றால் எவ்வாறிருக்கும்? அதற்கு நிகரான செயல் இது.

மடையாக நின்ற களி, பின்னர் நீரைத் தள்ளவும் பழகியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஆந்திரேயாஸ் ரிக்டரும் துணைவரும், சுமார் 32 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடேற்றினால் சுருங்கும் ஒருவகைக் களியைக் கொண்டு நுண்பம்புகளைச் செய்து 2009-இல் விவரித்தனர். சூடேறக் களி சுருங்கித் திரவத்தை உள்ளே வரவிடும்; குளிர அது ஊதித் திரவத்தை வெளியே தள்ளும். போஸ் மரத்தினுள் இருப்பதாகக் கருதிய விரிந்து சுருங்கும் இறைப்பு, மனிதன் செய்த களியில் இவ்வாறு உண்மையாயிற்று.

ஆனால் மரத்தின் வழி இதுவன்று என்பதைக் காட்டியது மற்றொரு தகடு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் டோபியாஸ் வீலர், ஆபிரகாம் ஸ்ட்ரூக் ஆகிய இருவரும் விக்டெர்லேயின் பாலிஹேமாவையே எடுத்துக்கொண்டனர். அக்களித் தகட்டினுள் நுண்கால்வாய்களை இரண்டு வலைகளாக அமைத்தனர். ஒரு வலை வேர். மற்றொரு வலை இலை. இரண்டையும் இணைக்கும் ஒற்றைக் கால்வாய் தண்டு. இலைப் பக்கத்தை உலர்ந்த காற்றுக்குக் காட்டினர். வேர்ப் பக்கத்திற்கு நீர் கிடைக்கச் செய்தனர். இலையிலிருந்து நீர் ஆவியாக, வேரிலிருந்து இலைக்கு நீர் ஓடிற்று. ஆவியாதல் ஒன்றே இயக்கம். பம்பு இல்லை, துடிப்பு இல்லை, உயிரணு ஒன்றும் இல்லை. ஓட்டத்தின்போது கால்வாய் நீரில் இருந்த இழுவை, காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 10 மடங்கு. ஓட்டமின்றி நீரை நிறுத்திவைத்தபோது 200 மடங்குக்கு மேற்பட்ட இழுவையையும் அது தாங்கிற்று. இச்செய்தி 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது.

பாரிஸ் சாந்துக்கு இயலாதது களிக்கு இயன்றது எவ்வாறு? துளையின் நுண்மையே காரணம். துளைவாயில் நிற்கும் நீரின் பரப்பு ஒரு தோல் போல இழுபட்டு நிற்கிறது. துளை நுண்ணியதாக ஆக, அத்தோலை உள்ளே இழுத்துக் காற்றைப் புகவிடுவது கடினமாகிறது. துளையின் ஆரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனில், அது தாங்கும் இழுவை காற்றழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் குறைவு. ஆரம் லட்சத்தில் ஒரு பங்கு எனில், 140 மடங்கு. களியின் வலைக்கண்கள் அதனினும் நுண்ணியவை. இழுக்கும் வலிமைக்கோ குறைவே இல்லை. நூற்றுக்கு ஐம்பது ஈரப்பதமுள்ள சாதாரணக் காற்று, கணக்குப்படி 900 மடங்குக்கு மேல் இழுக்க வல்லது. நம்மைச் சூழ்ந்த காற்றில் உறங்கும் இப்பேராற்றலுக்கு இலை ஒரு பிடி. நீர்க்களியும் ஒரு பிடி.

இனித் தீர்ப்புக்கு வருவோம். உயிரற்ற தகடு நீரை இழுத்தது என்பதனால், வாழும் மரத்தில் உயிரணுக்களுக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டலாகாது. சில தாவரங்களில் வேரின் உயிரணுக்கள் நீரைக் கீழிருந்து தள்ளுவதும் உண்டு. திராட்சைக் கொடியில் ஹேல்ஸ் அதனையும் அளந்தார். தகடு காட்டியது ஒன்றே: உயரமான மரத்துக்கு வேண்டிய இழுவையோடு நீரை நடத்த உயிர்த்துடிப்பு தேவையில்லை. ஸ்ட்ராஸ்புர்கரின் மரமும், ஷோலாண்டரின் அளவையும், இத்தகடும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆகவே சாறேற்றத்தைப் பற்றிய அளவில் போஸின் கொள்கை நிலைக்கவில்லை. நம் நாட்டவர் என்பதற்காக இதனை மறைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. எதனையும் கருவியால் அளந்து காட்டவேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவர் அவர். அந்த அளவுகோலையே அவருடைய கொள்கைக்கும் வைப்பதுதான் அவர்வழி நிற்பதாகும். செடிகளில் மின்சாரச் செய்திகள் ஓடுகின்றன என்று அவர் கண்டது இன்றும் நிற்கிறது.

நீர்க்களிக்கும் குறைகள் உண்டு. மிக உலர்ந்தால் அது சுருங்கி வெடிக்கும். கால்வாயில் ஒரு குமிழி தோன்றினால் நீர்க்கயிறு அறுந்துபோகும். மரமோ குமிழியைத் தடுத்து நிறுத்தும் நுண்தடுப்புக்களைத் தன் குழாய்களின் இடையே அமைத்துக்கொண்டுள்ளது. உப்புக் கலந்த நீர் ஆவியானால் உப்பு களியிலேயே தங்கிவிடும். இவற்றை வெல்லும் முயற்சிகள் நடைபெறுகின்றன. இதே அறிவின் வழியே, களிக்குப் பதிலாக நுண்துளைச் சிலிக்கானைக் கொண்டு நீரின் இழுவையை அளக்கும் ஒரு சிறு கருவியையும் ஸ்ட்ரூக்கின் குழுவினர் 2014-இல் விவரித்தனர். மரம் எவ்வளவு தாகத்தோடு இருக்கிறது என்பதை மரத்திடமே கேட்டறிந்து நீர் பாய்ச்சும் நாளுக்கு அது வழிகாட்டுகிறது. தண்ணீருக்காக மாநிலத்தோடு மாநிலம் வழக்காடும் நம் நாட்டில், வேண்டிய பயிருக்கு வேண்டிய பொழுதில் வேண்டிய அளவே நீர் விடுவது சிறிய செயல் அன்று. மின்சாரம் நிலையாகக் கிட்டாத சிற்றூர் மருத்துவ நிலையத்தில், பம்பு வேண்டாத ஒரு தகடு ஒரு துளி இரத்தத்தைத் தானே நடத்திச் சென்று பரிசோதிக்குமாயின், அதுவும் சிறிய செயல் அன்று.

கண்வில்லைக்கென்று பிராகாவில் பிறந்த களி, டப்ளினில் எழுந்த கொள்கைக்கு அமெரிக்காவில் சாட்சி கூறிற்று. கல்கத்தாவில் எழுந்த ஒரு வாதத்தையும் அது உரைத்துப் பார்த்தது. அறிவுக்கு ஊர் எல்லை இல்லை. பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம் நேயர்களுக்கு இது புதிய செய்தி அன்று.